கருகமணி பறிபோன மத்தியானம்

கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறி வந்தார் நூர்ஜஹான். வெள்ளிக்கிழமை, கொளுத்துகிற வெயில். காலில் செருப்பு இல்லை. தலையில் போட்டிருந்த துப்பட்டி ஒரு பக்கம் சரிந்து தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு கையில் ஒரே ஒரு முருங்கைக்காய். காய்கறிப் பை எங்கேயோ விழுந்துவிட்டது. இந்த ஒற்றைக் காயை மட்டும் ஏன் விடாமல் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நான் அப்போது தஞ்சாவூரில் கான்ஸ்டபிள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெண் போலீஸ் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போஸ்ட் மரத்தில் மோதிக்கொண்ட காலம் அது. ஸ்டேஷனுக்கு ஒரு பெண் அழுதுகொண்டு வந்துவிட்டால் போதும், "ராஜலெட்சுமியைக் கூப்பிடு" என்பார்கள். அழுகையை நிறுத்துவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று நினைப்பு.

நான் யாரையும் அழாதே என்று சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் வைப்பேன். அழுது முடித்ததும் அவர்களே பேசுவார்கள்.

நூர்ஜஹான் அழவில்லை. முருங்கைக்காயை மேஜை மேல் வைத்தார். கையை எடுத்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

"கருகமணிய அறுத்துட்டான்மா" என்றார். "தங்கம் போனாப் போவுது. அந்த மணி வேணும் எனக்கு."

நமக்குத் தாலி எப்படியோ அவர்களுக்குக் கருகமணி அப்படி. கறுப்பு மணியைத் தங்கத்தில் கோத்துக் கல்யாணத்தன்று கட்டுவது. கட்டியவர் சபுரில் இருந்தார். நாகூர்ப் பக்கத்து ஜனங்கள் கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போவதைச் சபுர் என்பார்கள். நூர்ஜஹானின் வீட்டுக்காரர் துபாயில். பிள்ளைகள் படிப்புக்காக நாகூரை விட்டு வந்து, புது ஆற்றுக்குத் தெற்கே முளைத்திருந்த காலனியில் வீடு எடுத்திருந்தார்.

அத்தர் வாசனை

நடந்தது இதுதான். கடைத்தெருவிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கியிருக்கிறார். ரிக்‌ஷா போன கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே ஒருவன் சைக்கிளில் வந்து, இன்ஜினியர் வீடு எது என்று விசாரித்திருக்கிறான். இவர் கையைத் தூக்கி வழி காட்டினார். அவன் கழுத்தில் கையைப் போட்டான். வெயில் கண்ணில் அடித்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அத்தர் வாசனை அடித்தது என்றார். வீட்டுக்காரர் அனுப்புகிற பெட்டியைத் திறந்தால் வருமே, அதே உசத்தி வாசனை.

நான் இதை இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தெற்கத்திக்காரர், தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர். வாசனையைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்த முடியுமாம்மா என்று கேட்டுச் சிரித்தார்.

அதற்குள் காலனி செக்ரட்டரி ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். ரிட்டையர்டு ஆபீசர், சலவைச் சட்டை, கனத்த குரல். அவருக்குச் சந்தேகம் என்கிற சமாச்சாரமே கிடையாது. ரிக்‌ஷாக்காரன்தான் எடுத்தான் என்றார். ஆற்றங்கரைக் குடிசைக்காரன், அந்த அம்மாவை இறக்கிவிட்டவனும் அவனே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். ஸ்டேஷன் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. குடிசைகளைக் காலி செய்யச் சொல்லிக் கலெக்டருக்கு எழுதிய மனுவும் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

அரை மணி நேரத்தில் ரிக்‌ஷாக்காரன் சாமிக்கண்ணுவைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவன் காலனி முனையில் ரிக்‌ஷாவை நிறுத்தி, பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தானாம். சட்டைக் காலரைப் பிடித்துத் தெரு நெடுக இழுத்து வந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஜனம் நின்று பார்த்தது.

அவன் பெண்டாட்டி தங்கம் அப்போது ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். முழங்கால் வரைக்கும் ஈர மணல் ஒட்டியிருந்தது.

நூர்ஜஹான் எழுந்து நின்று, இவர் இல்லை, வாரம் ரெண்டு தடவை இவர் வண்டியில்தான் போகிறேன், என் தம்பி மாதிரி தெரியும் என்று சொன்னார். பயத்தில் அடையாளம் குழம்பும், வீட்டுக்குப் போங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். பொருளைப் பறிகொடுத்தவர் சொல்கிறார், இவன் இல்லை என்று. அதைக் கேட்க ஆள் இல்லை. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இருக்கிறதே, காக்கிச் சட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று வந்தது.

போகத்துக்கு ஒரு திருட்டு

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜில்லாவில் திருட்டும் பயிரைப் பார்த்துத்தான் நடந்தது. குறுவை அறுத்து நெல் விற்ற சம்சாரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், அவன் மடியைத் தடவப் பிக்பாக்கெட் காத்திருப்பான். சம்பா நடவு நாளில் வீட்டு ஜனமெல்லாம் வயலில் கிடக்கும், அப்போது பித்தளை அண்டா, தவலை எல்லாம் காணாமல் போகும். கோடையில் சைக்கிளும் பம்புசெட்டு மோட்டாரும். ஸ்டேஷனில் பழைய ஏட்டையா ஒருவர் இருந்தார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, இந்த வாரம் அண்டா போகும் என்பார். போகும். ஆனால் ஒரு அண்டாவையும் அவர் கண்டுபிடித்ததில்லை.

துபாய்ப் பணம் வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் தப்பிப் போனது. டவுனைச் சுற்றியிருந்த வயலை மனை போட்டு விற்றார்கள். நேற்று வரை நாற்றங்கால் இருந்த இடத்தில் மொசைக் தரை போட்ட வீடு. ஆம்பளைகள் வெளிநாட்டிலோ ஆபீசிலோ இருப்பார்கள். மத்தியானத்தில் தெருவில் நடமாடுவது பெண்கள் மட்டும்தான். சங்கிலித் திருடனுக்கு அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

குடிசை ஜனம் எப்படி அங்கே வந்தது என்பதும் எனக்குத் தெரியும். என் அப்பா கீழ்வேளூர்ப் பக்கம் மிராசுதார் ஒருவரிடம் குத்தகைக்கு நிலம் வாங்கி உழுதவர். நான் பாவாடை கட்டின வயசில் அங்கே கூலிச் சண்டை வந்தது. அறுப்புக்குக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டவன் வீட்டு வாசலில் சிவப்புக் கொடி பறந்தது. கொடி பறந்த வீட்டுக்கு வேலை இல்லை என்று மிராசுதார்கள் சொல்லிவிட்டார்கள். அறுப்புக்கு வெளியூர் ஆள் இறங்கினான். மேடைக்கு மேடை கறுப்புச் சிவப்புக் கொடி கட்டி, உழுதவனுக்கு நிலம் என்று பேசினார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நிலம் பினாமி பெயரில் பத்திரமாக இருந்தது.

சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு நடந்து வந்த குடும்பங்களில் சாமிக்கண்ணுவின் குடும்பமும் ஒன்று. கதிர் அறுத்த கை ரிக்‌ஷா ஹேண்டிலைப் பிடித்தது. ஆற்றங்கரைப் புறம்போக்கில் கீற்று வேய்ந்துகொண்டார்கள். ஊரை விட்டுத் துரத்தப்பட்டு வந்தவர்களை, திருடன் என்று சொல்லி இங்கிருந்தும் துரத்தப் பார்த்தார்கள். கேஸ் எழுதிச் சாமிக்கண்ணு ஜெயிலுக்குப் போய்விட்டால் குடிசைகளும் போய்விடும். இரண்டும் ஒரே முடிச்சு.

தங்கம் கேட்ட கேள்வி

கேஸ் எழுதாமல், விசாரணை என்று சொல்லிச் சாமிக்கண்ணுவை உள்ளேயே வைத்திருந்தார்கள். நகையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால், இல்லாத நகைக்கு அவன் எந்த இடத்தைச் சொல்வான்? அந்த வாரம் முடிவதற்குள் கேஸ் எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் டூட்டி முடிந்ததும் சாதாரணப் புடவையைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். தங்கம் கரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

என் யோசனையைச் சொன்னேன். இந்த மாதிரிக் கள்ளன் ருசி கண்டவன், மறுபடி வருவான். காலனிக்குள் நுழையத் தார்ரோடு ஒன்று, ஆற்று நடைப்பாலம் ஒன்று. போன தடவை ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே ரோட்டில் வந்து அதே வழியில் போய்விட்டான்; இப்போது ரோட்டில் கடைக்காரர்கள் உஷாராக இருக்கிறார்கள், அதனால் இனி பாலம் வழியாகத்தான் வருவான். புது ஆள் எவனாவது விலாசம் கேட்டால் காலனிப் பெண்கள் எவர்சில்வர் தட்டைத் தட்டட்டும். சத்தம் கேட்டதும் நீங்கள் பாலத்தை மறியுங்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக நின்றால் அவன் தப்ப முடியாது.

தங்கம் முழுசும் கேட்டாள்.

"எம் புருஷன் உள்ள கெடக்குறாரு. அவங்க சொல்லித்தான் புடிச்சுட்டுப் போனீங்க. அவங்க கழுத்த நான் எதுக்குக் காப்பாத்தணும்?"

நியாயமான கேள்வி. சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. உன் புருஷன் வெளியே வர எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான் என்று மட்டும் சொன்னேன். 

நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் தண்ணீர் வந்தது. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் மட்டு. கல்லணையில் முறை வைத்துத் திறந்தார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு, சில நாள் எங்கள் புது ஆற்றுக்கு. எங்கள் முறை வந்துவிட்டது. நுங்கும் நுரையுமாக, சருகைத் தள்ளிக்கொண்டு, மணலை உறிஞ்ச விட்டு உறிஞ்ச விட்டு முன்னேறி வந்தது. அக்கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் படும்போது ஒரு வாசம் எழும்பும் பாருங்கள், அதற்கு முன்னால் எந்த அத்தரும் நிற்காது.

தங்கம் இறங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "சரிக்கா. பாலத்த நாங்க பாத்துக்குறோம். அவங்க தட்டுவாங்களான்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. காலனியில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். குடிசைக்காரிகளைக் கூட்டுச் சேர்த்தால் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று நோட்டம் பார்ப்பார்கள் என்று ஒருத்தர் சொன்னார். நூர்ஜஹான்தான் வழி பண்ணினார். தங்கத்தையும் இன்னும் நான்கைந்து பேரையும் தன் வீட்டுக் கூடத்துக்குக் கூட்டிவந்து, பாயை விரித்து உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். களவு போன வீடே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது மற்றவர்கள் எந்த முகத்தோடு மறுப்பார்கள்? அடுத்தபடியாக வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? செக்ரட்டரியின் மனைவி சரோஜாக்கா. "எங்க வீட்டுத் தட்டு நல்ல கனம், சத்தம் ஊருக்கே கேக்கும்" என்றார்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். செய்யும்மா, பொழுது போகட்டும் என்றார்.

தட்டுச் சத்தம்

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. மத்தியானம் நூர்ஜஹான் வீட்டில் சோற்றில் கை வைத்திருந்தேன். மீன் ஆனம், நம் மீன் குழம்புதான். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த வீட்டுக் கைமணத்துக்குத் துரோகம். இரண்டாவது கவளம் வாய்க்குப் போகுமுன் சத்தம் கேட்டது.

சரோஜாக்கா சும்மா சொல்லவில்லை. அந்தத் தட்டு கோயில் சேகண்டி மாதிரி அலறியது. உடனே பக்கத்து வீட்டுத் தட்டு, அதற்குப் பக்கத்து வீட்டுத் தட்டு. தெருவே தட்டியது. எச்சில் கையோடு ஓடினேன்.

அவன் சரோஜாக்காவிடம்தான் இன்ஜினியர் வீடு எது என்று கேட்டிருக்கிறான். அவர் கையைத் தூக்கி வழி காட்டவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்றபடியே தட்டை எடுத்துவிட்டார். அவன் ஒரு நொடி முழித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிப் பாலத்துக்கு விட்டான்.

பாலத்துக் கைப்பிடியில் குடிசைப் பெண்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். தங்கம் ஒரு ஈரப் புடவையை உருவி, ஒரு முனையை எதிரில் நின்றவளிடம் வீசினாள். இரண்டு பேரும் குறுக்கே இழுத்துப் பிடித்தார்கள். அவன் சைக்கிளோடு புடவையில் மாட்டி, மல்லாந்து விழுந்தான். அதற்கப்புறம் எழுந்திருக்க இடம் கொடுக்கவில்லை. சுற்றி இருபது பெண்கள் நின்றால் எவனுக்கு எழுந்திருக்கத் தைரியம் வரும்?

நான் போய்ச் சேர்ந்தபோது பாலமே நிறைந்திருந்தது. நடுவில் அவன். பெல்பாட்டம் பேன்ட், கூலிங்கிளாஸ், வெளிநாட்டுக் கடிகாரம். சட்டையைத் தட்டிக்கொண்டே, ஏதோ தவறு நடந்துவிட்டது போல எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். சட்டைப் பையைச் சோதித்தேன், நகை ஒன்றும் இல்லை. இன்னும் எதையும் பறிக்கவில்லையே, எப்படி இருக்கும்?

குளிக்க வந்தவன்

செக்ரட்டரியும் வந்து சேர்ந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். படித்த பையனாகத் தெரிகிறது, நல்ல குடும்பத்துப் பிள்ளை, போக விடுங்கள் என்றார். சாமிக்கண்ணுவைப் பார்த்ததும் திருடன் என்று தெரிந்த அதே கண்ணுக்கு, இவனைப் பார்த்ததும் நல்ல பிள்ளை என்று தெரிகிறது. பேன்ட் செய்கிற வேலை.

நூர்ஜஹான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவன் பக்கத்தில் போய் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. என் காதில் மட்டும், "இதே வாசனைதான்" என்றார்.

வாசனை செல்லாது என்பதை எங்கள் இன்ஸ்பெக்டர் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாரே. கையில் நகை இல்லை. முகம் பார்த்த சாட்சி இல்லை. அவனை விட்டால் சாமிக்கண்ணு உள்ளே போவான்.  தங்கம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சும்மா பேச்சுக் கொடுப்போம் என்று, "தம்பி எந்த ஊரு? இங்க எதுக்கு வந்தீங்க?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

திருச்சிப் பக்கம் என்றான். தஞ்சாவூரில் லாட்ஜில் தங்கி வியாபாரம் பார்க்கிறானாம். இங்கே குளிக்க வந்தானாம். ஆற்றுக் குளியல் என்றால் உயிராம்.

போன வெள்ளிக்கிழமை இதே நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்டதும் அவனுக்குக் குஷி வந்துவிட்டது. கேள்வி எதற்கென்று புரிந்துகொண்டு, தயாராகத் தப்பிக்கிற வழி கையில் இருக்கிறது என்று நினைத்தான். பாலத்துக்குக் கீழே இரு கரையும் தொட்டு ஓடுகிற தண்ணீரைக் கையால் காட்டினான்.

"இதே படித்துறையிலதாங்க குளிச்சுக்கிட்டிருந்தேன். கழுத்தளவு தண்ணி. ஒரு மணி நேரம் நீந்திட்டுத்தான் கரையேறினேன். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

யாரை வேண்டுமானாலும். கேட்டுப் பார்க்கலாம். எல்லாரும் அங்கேயேதான் நின்றார்கள்.

 முதலில் தங்கம் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் சிரித்தாள். சரோஜாக்கா தட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நூர்ஜஹான், கழுத்துக் காயத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். பாலமே குலுங்கியது. அவன் மட்டும் என்ன சொன்னோம் என்று புரியாமல் நின்றான்.

"எந்தத் தண்ணியில நீந்துனே தம்பி?" என்று தங்கம் கேட்டாள். "அன்னிக்கு நான் இந்த எடத்துலதான் ஊத்துத் தோண்டிக்கிட்டிருந்தேன். ஒரு கொடம் தண்ணிக்கு மத்தியானம் பூராக் குந்தியிருந்தேன். கழுத்தளவு மணல்லயா நீந்துனே?"

எங்கள் பக்கத்து ஆள் எவனும் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டான். முறை வருஷத்தில், எந்த ஆற்றில் எந்த வாரம் தண்ணீர் என்பது குழந்தைக்குக் கூடத் தெரியும். சோறு அதில்தானே இருக்கிறது? போன வாரம் ரோட்டோடு வந்து போனவன் இன்றைக்குத்தான் பாலத்தில் ஏறினான், கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான், எப்போதும் இப்படித்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டான். ஆற்றைப் பக்கத்திலிருந்து பார்க்காதவன் செய்கிற தப்பு.

செக்ரட்டரி மட்டும் சிரிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று அவரே ஊரெல்லாம் புலம்பியிருக்கிறார். மெதுவாக ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அவனுக்கும் உறைத்துவிட்டது. கூலிங்கிளாஸைக் கழற்றினான். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குக் கடைசிச் சந்தேகமும் போயிற்று.

வந்த வழியே

அவனை ஜீப் வரவழைத்துக் கூட்டிப்போகவில்லை. நடக்க வைத்தோம். அவன் சைக்கிளை ஒருத்தி உருட்டினாள். காலனிப் பெண்களும் குடிசைப் பெண்களும் கலந்து நடந்தார்கள். யார் எந்தப் பக்கத்துப் பெண் என்று பார்க்கிறவனுக்குப் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. கடைத்தெருவில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் முழுசும் கேட்டார். தண்ணீர் முறை என்றால் என்ன என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் சிரித்தார், இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. உடனே ஆளை அழைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டார். தகரப் பெட்டியில் நான்கைந்து சங்கிலிகள் இருந்தன. ஒரு பேப்பர் பொட்டலத்தில், தங்கத்திலிருந்து உருவி எடுத்த கறுப்பு மணிகள். விலை போகாது என்று ஒதுக்கி வைத்தவன், தூக்கிப் போட மறந்திருக்கிறான்.

பொட்டலத்தை மேஜையில் பிரித்தார்கள். கோர்ட் முடிகிற வரைக்கும் கொடுக்க முடியாது. நூர்ஜஹான் ஒரு மணியை மட்டும் விரல் நுனியால் தொட்டார். அப்போதுதான் அழுதார். வழக்கம் போல நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

சாமிக்கண்ணுவை லாக்கப்பிலிருந்து வெளியே விட்டார்கள். போகலாம்ப்பா, கேஸ் ஒன்றும் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். அவன் போகவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. நிற்கும்போது ஒரு காலில்தான் பாரம் கொடுத்தான்.

"இழுத்துக்கிட்டு வரும்போது தெருவே பாத்துச்சுங்கய்யா" என்றான். "விடும்போது யாருங்க பாப்பாங்க?"

 இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கூடப் போயிட்டு வாம்மா" என்றார். அவசரக்காரர்தான், ஆனால் மனுஷர்.

அன்று அவனோடு கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் வெயிலில் போட்டிருந்த ரிக்‌ஷாவைத் துடைத்தான். கால் வலிக்கிறதே, நாங்கள் தள்ளிக்கொண்டு வருகிறோம் என்று தங்கம் சொன்னாள். அவன் கேட்கவில்லை, ஏறி மிதித்தான். பின் சீட்டில் நூர்ஜஹான், பக்கத்தில் காக்கியில் நான். முன்னால் தங்கம் நடந்தாள். சுற்றிலும் பெண்கள். எந்தத் தெரு வழியாக அவனை இழுத்து வந்தார்களோ அதே தெரு வழியாகவே திரும்பினோம். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் ஜனம் வந்து நின்றது.

வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தச் சொன்னேன். "இவர் திருடலைங்க. திருடினவன் பிடிபட்டுட்டான்" என்று நானே சொன்னேன். பெண் போலீஸ் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்குத் தெரிந்தது. சில வீட்டில் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் சாமிக்கண்ணுவைப் பார்த்துக் கைகூப்பினார்.

செக்ரட்டரி வீட்டு வாசலில் வண்டி தானாகவே நின்றது. அவர் கேட்டுக்கு உள்ளே நின்றார். அவருக்குப் பின்னால் சரோஜாக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் பேச வேண்டியவர் நான் இல்லை. எல்லாரும் காத்திருந்தோம். சரோஜாக்கா கேட்டைத் திறந்துவிட்டார்.

செக்ரட்டரி வெளியே வந்தார். தொண்டையைச் செருமினார். சாமிக்கண்ணு திருடவில்லை என்று முணுமுணுத்தார்.

தங்கம் ஓர் அடி முன்னால் வைத்தாள். "சத்தமாச் சொல்லுங்க சார். புடிக்கச் சொன்னப்ப இவ்வளவு மெதுவாவா சொன்னீங்க?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சரோஜாக்கா கைகட்டிக்கொண்டு நின்றார். செக்ரட்டரி சட்டைப் பையிலிருந்த மனுவை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு அந்தக் கனத்த குரல் வந்தது, ஸ்டேஷன் வாசலில் கேட்ட அதே குரல்.

"சாமிக்கண்ணு திருடல. நான் சொன்னது தப்பு."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. சாமிக்கண்ணு முதுகை நிமிர்த்தி, ரிக்‌ஷா மணியை ஒரு தடவை அடித்துவிட்டு மிதித்தான். இரண்டு பக்கமும் பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கிற வரைக்கும். யூனிஃபார்மில் இருக்கிறவள் தெருவில் கை தட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அன்று தட்டியிருப்பேன்.